கொம்பில் கட்டிய பணம்

மதுரையைச் சுற்றி நிற்கும் மலைகளில் இரண்டு, புராணப்படி, அம்பு பட்டவை. நகரின் வடகிழக்கில் படுத்திருக்கும் யானைமலை, சோழன் தூண்டுதலால் சமணர்கள் வேள்வியில் எழுப்பி ஏவிய யானை. சொக்கநாதர் வில் வீரராக வந்து, அட்டாலை மண்டபத்தில் ஏறி எய்த அம்பில் அது கல்லாய்ச் சமைந்தது. மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலை, அனந்தகுண பாண்டியனின் அம்புக்கு விழுந்த பாம்பு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணம் இரண்டுக்கும் தனித்தனிப் படலம் ஒதுக்கியிருக்கிறது. தன் மலைகளுக்கே அம்பைக் காரணம் சொன்ன ஊர் இது. இருந்தும் இந்தச் சமவெளியின் திருவிழாக்களில் ஊருக்கு ஊர் வில் போட்டி என்ற வழக்கம் நிலைக்கவில்லை. எய்பவர் மேல் பணம் கட்டும் பழக்கமும் வளரவில்லை. பணம் கட்டும் ஆசையே இல்லாத மண் என்று சொல்லிவிடவும் முடியாது. சேவல் மேல் கட்டியிருக்கிறார்கள், வண்டி மாட்டின் மேல் கட்டியிருக்கிறார்கள், சீட்டில் இழந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, இதே மண்ணின் ஆகப் பெரிய போட்டியான சல்லிக்கட்டில் மட்டும் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் பந்தயம் வழக்கமாக வேரூன்றவில்லை. ஆயுதமோ ஆட்டக்காரரின் திறமையோ ஊர்க்காரர்களின் ஒழுக்கமோ இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. போட்டி எப்படி அமைந்திருக்கிறது, பார்ப்பவரின் பணம் எந்த வழியாகக் களத்துக்குள் போகிறது என்பவைதான் பந்தயம் வருவதையும் வராததையும் தீர்மானித்திருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள முதலில் மேகாலயாவுக்குப் போக வேண்டும். இந்தியாவில் வில் போட்டியின் மேல் சட்டப்படி பணம் கட்டும் இடமாகப் பெயர் பெற்றது ஷில்லாங். அங்கே காசி மலைகள் வில்விளையாட்டுச் சங்கத்தின் கீழ் உள்ள குழுக்கள், ஞாயிறு தவிர மற்ற நாட்களில், போலோ மைதானத்துப் பக்கம் மாலையில் கூடுகின்றன. ஏறக்குறைய ஐம்பது வில்லாளிகள் வைக்கோலால் கட்டிய உருளை இலக்கை நோக்கி எய்கிறார்கள். முதல் சுற்றில் ஆளுக்கு 30 அம்பு, இரண்டாவதில் 20. சுற்று முடிந்ததும் இலக்கில் தைத்த அம்புகளை எல்லார் கண்முன்னும் எண்ணுகிறார்கள். மொத்த எண்ணிக்கையின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் அன்றைய எண். 742 அம்பு தைத்திருந்தால் 42. நகரெங்கும் உள்ள கடைகளில் 00 முதல் 99 வரை எந்த எண்ணிலும் பணம் கட்டலாம். ரூபாய்க்கு முதல் சுற்றில் 80, இரண்டாம் சுற்றில் 60, இரண்டு எண்களையும் சேர்த்துச் சரியாகச் சொன்னால் 4000 என்பது வழக்கமான கணக்கு. நூறு எண்களிலும் எண்ணுக்கு ஒரு ரூபாய் கட்டினால் நூறு ரூபாய் சேரும். திரும்புவது 80 அல்லது 60. இரட்டை எண்ணில் பத்தாயிரம் வாய்ப்புக்கு 4000 மட்டுமே. 1982இல் மேகாலயா அரசு இதைக் கேளிக்கை, பந்தய வரிச் சட்டத்துக்குள் கொண்டுவந்து வரி விதித்தது. கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே யாரும் எந்த வில்லாளியின் மேலும் பணம் கட்டுவதில்லை. கை தேர்ந்தவர் யார், கண் கூர்மை யாருக்கு என்பதற்கும் கட்டும் எண்ணுக்கும் தொடர்பே கிடையாது. இரவில் கண்ட கனவை எண்ணாக மாற்றிக் கட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான அம்புகளின் கூட்டுத்தொகையில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், எத்தனை நூற்றாண்டுப் பயிற்சி இருந்தாலும் அது குலுக்கலுக்குச் சமமாகிவிடும்.

காசி மக்களின் வில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1907இல் அவர்களைப் பற்றிக் கர்டன் எழுதிய நூல் வில்வித்தையை அவர்களின் தேசிய விளையாட்டு என்றே குறிக்கிறது. ஊருக்கும் ஊருக்கும் நடக்கும் போட்டியாக, மானம் சார்ந்த ஒன்றாக அதைக் காட்டுகிறது. ஷின்னா, பதிதோன் என்ற இரு சகோதரர்கள் வழியாக அந்தக் கலை வந்ததாக அவர்களின் கதை சொல்கிறது. வில் அதேதான், எய்யும் கையும் அதே மக்களுடையதுதான். ஊர் எதிர் ஊர் என்ற போட்டி போய், எல்லாருடைய அம்பையும் ஒன்றாகக் கூட்டி எண்ணும் முறை வந்ததும் விளையாட்டின் உள்ளடக்கம் மாறிவிட்டது. ஆயுதம் பந்தயத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மதுரைப் பக்கத்தில் வில் எங்கே போனது? சடங்குக்குள் போனது. திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) மைசூர்ப் படையை விரட்ட உதவிய இரகுநாத சேதுபதிக்கு, மதுரையைப் போலவே இராமநாதபுரத்திலும் நவராத்திரியைப் பெரும் விழாவாக நடத்தும் உரிமை தரப்பட்டதாக வரலாறு சொல்கிறது. விஜயநகரத்தின் மகாநவமி மரபு அப்படித் தெற்கே இறங்கியது. அதன் முடிவு விஜயதசமி அன்று அம்பு விடுவது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் இதற்கு மகர்நோன்பு என்று பெயர். அம்பு விடும் திடல் மகர்நோன்புப் பொட்டல். அங்கே அம்பு எய்யப்படுகிறது, கூட்டம் கூடுகிறது, ஆனால் எதிராளி கிடையாது. தோற்க யாரும் இல்லாத இடத்தில் யார் மேல் பணம் கட்டுவது? போட்டி வில்லை ஆங்கிலேயர்தான் ஒழித்தார்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் உண்மை உண்டு. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டபின், அவ்வாண்டு டிசம்பரில் வந்த பிரகடனம் பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றதாக எழுதிய கர்னல் வெல்ஷ், அதே மருதுவை எதிர்த்த படையில் நின்றவர். ஆனாலும் வெல்ஷ் கற்றது வளரியும் ஈட்டியும்தான், வில் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். துப்பாக்கி வந்தபின், அந்தப் பிரகடனத்துக்கு முன்பே, வில் இங்கே பின்வாங்கியிருந்தது. அதைவிட முக்கியம், ஆயுதப் பறிப்பால் சல்லிக்கட்டை விளக்க முடியாது. அதை யாரும் பறிக்கவில்லை. அது தொடர்ந்தது, பெருத்தது. அப்படியும் பந்தயச் சந்தையாகவில்லை.

அதன் அமைப்பைப் பார்ப்போம். 1868இல் மதுரை நாட்டைப் பற்றிக் கையேடு எழுதிய நெல்சன் இந்த விளையாட்டைத் துணிவுள்ள மக்களுக்கு ஏற்றது என்று போற்றி, சில கலெக்டர்கள் ஆபத்து என்று கருதி அதை ஊக்கப்படுத்தாமல் விட்டதற்கு வருந்தியிருக்கிறார். 1906இல் வந்த பிரான்சிஸின் மதுரை கெசட்டியர் இன்னும் துல்லியமாகச் சொல்கிறது: வாரச் சந்தைகளில் பறையறைந்து நாள் அறிவிப்பார்கள், கொம்பில் துணியும் உருமாலும் கட்டிய மாடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொழுவிலிருந்து அவிழ்த்துவிடுவார்கள், வண்டிகளை இரு பக்கமும் நிறுத்தி அமைத்த நீண்ட சந்து வழியாக அவை பாயும், கொம்பில் கட்டியதைப் பறிப்பவர் அன்றைய வீரர். பரிசு மாட்டின் மேலேயே இருக்கிறது. அதை எடுக்க ஒரே வழி உடம்பைக் கொண்டு போய் மாட்டின் முன் நிறுத்துவது. பிற்காலத்தில் துணியும் காசும் போய் வேட்டி, அண்டா, சைக்கிள், பீரோ, தங்கக்காசு என்று வந்தன. கொம்பிலிருந்து மேடைக்குப் பரிசு இடம் மாறியது. வாங்கும் ஆள் மாறவில்லை. பிடித்தால் பிடித்தவருக்கு, பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்கு. மூன்றாவது ஆளுக்கு அங்கே பங்கில்லை.

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். எங்கும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாடுகள். எந்த மாட்டை எந்த வீரர் அணைவார் என்பது வாடிவாசல் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. திமிலைப் பிடித்தவர் எல்லைக்கோடுவரை விடாமல் போனாரா என்பது சில நொடியில் முடிந்துவிடும். பந்தயம் பேச இருவர் வேண்டும், இரு பக்கம் வேண்டும், பேசி முடிக்க நேரம் வேண்டும். வாடிவாசல் மூன்றையும் தருவதில்லை. ஒரு மாட்டின் மேல் நம்பிக்கை வைத்தவர் என்ன செய்கிறார்? ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்கிறார்: இந்த மாட்டைப் பிடித்தால் கூடுதலாக இவ்வளவு. பிடிபடாது என்ற வீறாப்பு அதில் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஆனால் அவர் ஜெயித்தால் பையில் ஒரு காசும் ஏறாது. தோற்றால் பணம் மாடு பிடித்தவனுக்குப் போய்ச் சேரும். பார்வையாளரின் சவால் விடும் ஆசையை அடக்காமல், அதைப் பரிசாகத் திருப்பிவிட்ட இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ கதையில் ஜமீன்தாரின் காரிக் காளை பிடிபடும்போது அவர் இழப்பது பணம் அல்ல, ஊர் நடுவே தன் நிலை. கலித்தொகையின் முல்லைப் பாடல்களில் ஏறு தழுவியவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதாக வருகிறது. அங்கும் பரண் மேல் இருந்து பார்ப்பவர் எதையும் வெல்வதில்லை.

அலங்காநல்லூர்க் கூட்டத்தில் இரண்டு நண்பர்கள் தங்களுக்குள் நூறு ரூபாய் பந்தயம் பேசிக்கொண்டதே இல்லையா என்று கேட்கலாம். பேசியிருப்பார்கள். எந்த ஆட்டத்திலும், மழை வருமா வராதா என்பதிலும்கூடப் பேசுவார்கள். பந்தயம் நடத்துபவர், தொகை வைத்திருப்பவர், விகிதம், தரகு என்று ஒரு தொழிலாக அது உறைந்ததா என்பதே வரலாற்றுக் கேள்வி. அதற்கு வாடிவாசல் தரும் பதில் ‘இல்லை’, சேவற்கட்டு தரும் பதில் ‘ஆம்’.

சேவற்கட்டுக்கு வருவோம், சான்று அங்கேதான் அடர்த்தியாக இருக்கிறது. குறுந்தொகையின் 305ஆம் பாடலில் தலைவி தன் துயரைக் குப்பைக் கோழிகளின் தனிப்போருக்கு ஒப்பிடுகிறாள்: விலக்கிவிட ஆளில்லாமல் தானாகவே முடிந்தால் உண்டு என்ற போர். அந்த உவமையால் அப்பாடலைப் பாடியவருக்கே குப்பைக் கோழியார் என்று பெயர் நிலைத்தது. விலக்க ஆளில்லாதது தனிப்போர் என்றால், ஆள் நின்று மோதவிட்டு விலக்கும் போரும் அன்றே கேட்பவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று கொள்வது நியாயம். வடதமிழகத்தில் அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் கிடைத்த, சுமார் 1500 ஆண்டுப் பழமையுள்ள நடுகற்கள் போரில் மாண்ட சேவல்களுக்காக நட்டவை. ஒன்று மேற்சேரிக் கோழி என்றும், மற்றது கீழ்ச்சேரிக் கோழி பொற்கொற்றி என்றும் குறிக்கின்றன. மனிதனுக்கு நடும் கல்லைச் சேவலுக்கு நட்ட அந்த அன்பு நெகிழவைப்பது. அதோடு அந்தப் பெயர்களையும் பார்க்க வேண்டும்: மேற்சேரி, கீழ்ச்சேரி. சேவல் தன் பெயரில் மட்டும் இல்லை, ஒரு பக்கத்தின் பெயரில் நின்றது. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று, இரண்டு பறவைகளை மோதவிட்டது. பந்தயத்துக்குத் தேவையான முதல் நிபந்தனை 1500 ஆண்டுக்கு முன்பே கல்லில் பதிந்திருக்கிறது.

மதுரைப் பக்கத்துக் களத்தில் மற்ற நிபந்தனைகளும் கூடிவிட்டன. எடையும் உயரமும் பார்த்து இணை சேர்க்கிறார்கள். இணை சேர்ந்ததும் யார் எதிர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. காலில் கத்தி கட்டினால் ஆட்டம் சட்டென்று முடியும். வெறுங்காலில் விட்டால் நீளும், நடுவே பிரித்துத் தண்ணீர் காட்டி மீண்டும் விடுவார்கள். அந்த இடைவெளியில்தான் கை மாறுகிறது, தொகை ஏறுகிறது. இறகின் நிறத்தை வைத்துக் காகம், வல்லூறு, மயில், கீரி, ஆந்தை என்று பிரித்து, எந்த நேரத்துக்கு எது வெல்லும் என்று பஞ்சபட்சி பார்த்துக் கட்டுபவர்கள் உண்டு. ஷில்லாங்கில் கனவு செய்யும் வேலையை இங்கே நேரக்கணக்கு செய்கிறது. தோற்ற சேவல் கோச்சை என்ற பெயரோடு வென்றவர் வீட்டு அடுப்புக்குப் போகிறது. அந்த அளவில் சேவல் இரண்டு வளர்ப்பாளர்களுக்கு இடையிலான பணயம். சுற்றி நிற்பவர்கள் பணத்தோடு நுழைந்ததும் பறவையை வளர்த்தவரின் கைத்திறன் பின்னால் போய்விடுகிறது. 2011 பொங்கலுக்கு வந்த வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ மதுரையின் இந்த உலகத்தைத்தான் காட்டியது: வித்தையில் பெயரெடுத்த பெரியவரின் கௌரவமும் அதைச் சுற்றி ஓடும் பணமும் எப்படி ஒன்றையொன்று அரித்தன என்பதை.

சேவற்கட்டு வீரக்கலை, சூது அதில் பின்னால் ஒட்டிய அழுக்கு என்பவர்கள் உண்டு. நடுகற்கள் அவர்கள் பக்கம் சாட்சி சொல்வதை நான் மறுக்கவில்லை. வளர்ப்பு, பயிற்சி, இனம் காத்தல் என்று அதில் மதிப்புள்ள அறிவு நிறைய இருக்கிறது. ஆனால் அழுக்கு ஏன் இந்த ஆட்டத்தில் ஒட்டியது, மாட்டில் ஏன் ஒட்டவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். சேவல் வளர்ப்பவரும் மாடு வளர்ப்பவரும் பல ஊர்களில் ஒரே தெருக்காரர்கள், சிலசமயம் ஒரே வீட்டார். ஒழுக்கம் காரணமாக இருந்தால் அவர்கள் இரு களத்திலும் ஒன்றுபோல நடந்திருக்க வேண்டும்.

சட்டம் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுப் பழகியது. அதன் வேர் வில்லில் இருக்கிறது. 1541இல் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், வில்லும் அம்பும் செய்பவர்கள் தொழில் நசிகிறது என்று முறையிட்டதன் பேரில் ஒரு சட்டம் வந்தது. ஆண்கள் வில் பழக வேண்டும். பகடை, சீட்டு, பந்து உருட்டல் போன்றவற்றுக்கு வீடு நடத்தக் கூடாது. சூதாட்ட விடுதி என்ற குற்றக் கருத்து வில்லைக் காப்பாற்றப் பிறந்தது. 1845இல் வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு இருந்த தடையை நீக்கினார்கள். இந்த இரண்டு கருத்தும், சூதாட்ட விடுதிக்குத் தண்டனை, திறமை ஆட்டத்துக்கு விலக்கு, 1867இன் இந்தியப் பொதுச் சூதாட்டச் சட்டத்தில் ஏறின. அதே சட்டம் தெருவில் பறவைகளையும் விலங்குகளையும் மோதவிடுவதையும் குற்றமாக்கியது. 1930இன் சென்னைச் சூதாட்டச் சட்டம் அதே வழியில் வந்தது. மதுரைக் களத்தில் பிடிபடும் சேவற்காரர் மேல் பாயும் சட்டத்தின் மூதாதை வில்லாளிக்காகப் போட்ட சட்டம் என்பது வரலாற்றின் விந்தை. 1974இல் தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. குதிரையும் ஓட்டுபவரும் திறமை காட்டுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சீட்டு வாங்கியவர் குதிரை மேல் ஏறவில்லை. ஷில்லாங் வில்லாளியும் திறமைசாலிதான். அவர் திறமை எண் கட்டியவரின் திறமையாகிவிடாது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி களத்துக்குள் நிற்பவரை அளக்கிறது. பணம் இழப்பவரோ களத்துக்கு வெளியே நிற்கிறார்.

நம் மாநிலம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1968இல் அரசே பரிசுச்சீட்டு தொடங்கியது. பின்னாளில் வெளிமாநிலச் சீட்டுகளும் கூலிக்காரரின் அன்றாடக் காசைத் தின்றன. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரி விற்பனையையும் நிறுத்தியது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் அது மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்த அட்டவணையை நீக்கியது. மறுபடியும் அதே திறமைக் கேள்வி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம்தான் அதை விட்டு விலகியது. திறமையோ அதிர்ஷ்டமோ, லாபத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடுவது என்றால் தடை என்றது. அந்தத் தடை எவ்வளவு நடைமுறைக்கு வரும் என்பது வேறு விவாதம். கேள்வி சரியான இடத்துக்கு வந்திருக்கிறது.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. சல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து நடந்த 2017 போராட்டத்துக்குப் பிறகு அதன் அமைப்பு வேகமாக மாறிவருகிறது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் பெரிய அரங்கம் திறக்கப்பட்டது. வீரர்கள் எண் போட்ட பனியனோடு சுற்றுச் சுற்றாக இறங்குகிறார்கள். அதிக மாடு பிடித்தவருக்குக் கார். சுற்று முடிய முடிய யார் எத்தனை பிடித்தார் என்ற கணக்கு தொலைக்காட்சியில் ஓடுகிறது. வீரர்களின் பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் இவற்றில் பல தேவைப்பட்டவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்கொருவர் எதிராக நிற்கும் பெயர்கள், நாள் முழுவதும் ஏறும் எண், முடிவுக்குக் காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் முதல்முறையாக வாடிவாசலில் ஒன்றுகூடியிருக்கின்றன. காசி மலையில் வில்லுக்கு நேர்ந்தது எண்ணிக்கை வழியாகத்தான் நேர்ந்தது. விழாக் குழுக்கள் நாள் மொத்தக் கணக்குக்குத் தரும் எடையைக் குறைத்து, அந்தந்த மாட்டுக்கு அந்தந்த இடத்திலேயே பரிசு என்ற பழைய முறைக்குப் பணத்தின் பெரும்பகுதியை ஒதுக்கலாம். அதற்குப் புதுச் சட்டமோ நீதிமன்றமோ தேவையில்லை. தை பிறப்பதற்கு முன் கூடும் ஊர்க்கூட்டம் முடிவெடுத்தால் போதும்.